தூக்க மாத்திரை விடிந்ததும் எங்கே போகிறது?

திருவேங்கடம் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கிறார். கடைக்காரர் அட்டையிலிருந்து நான்கைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார். அடுத்தவர் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டித் தூக்க மாத்திரை கேட்கிறார். இப்போது கடைக்காரர் ஒரு தனிப் பதிவேட்டை எடுத்தாக வேண்டும். சீட்டு எழுதிய டாக்டரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மாத்திரைகள் என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், சிவப்புக் கோடிட்ட கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். மருத்துவர் சொல்லாமல் இதை உட்கொள்வது ஆபத்து என்பது அதன் சாரம்.

இந்த ஏற்பாட்டுக்கு 'ஹெச்-1 பட்டியல்' என்று பெயர். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் இது 2013இல் சேர்க்கப்பட்டு, 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 46 மருந்துகள் இடம் பெற்றன. அவற்றுள் பல, கிருமிகளை எதிர்க்கும் வீரியமிக்க மருந்துகள். சோல்பிடெம், நைட்ரஜெபாம், டயஜெபாம், அல்பிரசோலாம், மிடஜோலாம் ஆகியவையும் அவற்றின் வரிசையில் உள்ளன. இந்த ஐந்தும் தூக்கத்தையோ மன அமைதியையோ தருபவை.

தாலாட்டுப் பாடினாலே வரக்கூடியது தூக்கம். அதைத் தரும் மருந்துக்கு இத்தனை கட்டுக்காவல் எதற்கு என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். இந்தக் கேள்விக்கு விடை காண, மாத்திரையை விழுங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பதைவிட, மறுநாள் காலையில் அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி.

கீலுக்கு எண்ணெய்

முதலில் மூளைக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். நமது மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றுடன் ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. 'பேசு, பேசு' என்று தூண்டும் வேதிப்பொருள்களும் உண்டு, 'போதும், அடங்கு' என்று அமர்த்தும் வேதிப்பொருள்களும் உண்டு. அமர்த்துவனவற்றுள் தலையாயது காமா அமினோ பியூட்டிரிக் அமிலம். சுருக்கமாகக் 'காபா' என்பார்கள். காபா ஒரு நரம்பணுவின் மேலுள்ள ஏற்பியில் போய் அமர்ந்தால், அங்கே ஒரு சிறு கதவு திறக்கிறது. அதன் வழியே குளோரைடு அயனிகள் உள்ளே நுழைகின்றன. அவை எதிர்மின்னூட்டம் உடையவை அல்லவா? அவை புகுந்தவுடன் அந்த நரம்பணு எளிதில் கிளர்ச்சி அடையாது. இப்படிப் பல இலட்சம் நரம்பணுக்கள் அடங்கும்போது மூளையில் அமைதி பரவுகிறது.

தூக்க மாத்திரை அந்தக் கதவைத் தானே திறப்பதில்லை. திறப்பது காபாதான். மாத்திரையோ ஏற்பியின் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, கதவின் கீலுக்கு எண்ணெய் விடுவதுபோல் வேலை செய்கிறது. முன்பு சற்றே முரண்டு பிடித்த கதவு இப்போது எளிதாகவும் அடிக்கடியும் திறக்கிறது. காபா இல்லையென்றால் இந்த எண்ணெயால் பயன் ஏதும் இல்லை.

இதிலே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1903இல் வழக்கத்துக்கு வந்த 'பார்பிட்டால்' முதலான பழைய தூக்க மருந்துகளுக்கு அது கிடையாது. பார்பிட்டுரேட்டு என்னும் அந்தக் குடும்பத்து மருந்துகள் அளவு கூடினால் காபாவின் உதவி இல்லாமலே கதவைத் திறந்துவிடும். மூச்சை நடத்தும் நரம்பணுக்களும் அடங்கிப்போகும். அதனால்தான் விஞ்ஞானிகள் வேறு மருந்தைத் தேடினார்கள். அமெரிக்காவில் ரோச் நிறுவனத்தின் சோதனைச்சாலையில் பணியாற்றிய லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர், கைவிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில் மிஞ்சிய பொருளிலிருந்து குளோர்டயஜெபாக்சைடைப் பெற்றார். அது 1960இல் விற்பனைக்கு வந்தது. அதன் தம்பியான டயஜெபாம் 1963இல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், மூளையில் இவை ஒட்டிக்கொள்ளும் இடம் எது என்பது 1977இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது! அதற்குள் உலகெங்கும் கணக்கற்ற மக்கள் அவற்றை விழுங்கிவிட்டிருந்தனர்.

எது பக்கம், எது நடு?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காபா ஏற்பிகள் தூக்கத்தை நடத்தும் பகுதியில் மட்டும் இருந்தால் கவலையே இல்லை. ஆனால், உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையிலும் அவை உண்டு. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதியிலும் உண்டு. கிட்டத்தட்ட மூளை முழுவதும் உண்டு. இரத்தத்தில் கலந்த மருந்துக்கு முகவரி தெரியாது. போகும் இடமெல்லாம் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே போகும். ஓரிடத்தில் அதன் பயன் தூக்கம். மற்றோர் இடத்தில் கால் தள்ளாட்டம். இன்னோர் இடத்தில் மறதி. தூக்கத்தை நாம் விரும்பிக் கேட்டோம், ஆகவே அதற்கு 'விளைவு' என்று பெயர். மற்ற இரண்டையும் நாம் கேட்கவில்லை, ஆகவே அவற்றுக்குப் 'பக்க விளைவு' என்று பெயர். மருந்தைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே வேலைதான்.

இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்கோ, குழாய் விட்டு வயிற்றைச் சோதிப்பதற்கோ முன்பு டாக்டர்கள் மிடஜோலாம் ஊசி போடுவதுண்டு. நோயாளி அடங்குகிறார், அதோடு, பிறகு நடந்தவற்றை மறந்தும் விடுகிறார். அங்கே மறதி ஒரு வரம்! அதே மறதி இரவில் வீட்டில் மாத்திரை போட்டவருக்கு நேர்ந்தால் என்ன ஆகும்? சோல்பிடெம் போட்டுக்கொண்ட சிலர் அரைத்தூக்கத்தில் எழுந்து நடந்திருக்கிறார்கள், அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், வண்டியும் ஓட்டியிருக்கிறார்கள். காலையில் அவர்களுக்கு எதுவும் நினைவில்லை. இது அரிதாக நேர்வதுதான். ஆயினும் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய 66 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தது. அவற்றுள் 20 உயிரிழப்பில் முடிந்திருந்தன. ஆகவே 2019இல் இந்த வகை மாத்திரைகளின் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது.

மது அருந்தியவர் இம்மாத்திரையைப் போட்டால் கதை வேறாகிவிடும். மதுவும் அதே அமர்த்தும் வேலையைச் செய்வது. மேலே சொன்ன பாதுகாப்பு அங்கே உடைந்து, மூச்சே தடைப்படலாம். மார்பின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்துகளுடன் சேர்ந்தாலும் அப்படியே.

பாதி, பாதியில் பாதி

மருந்து எவ்வளவு நேரம் உடலில் இருக்கும்? கல்லீரலில் உள்ள நொதிகள் அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை 'அரை ஆயுள்' என்கிறோம். மேல்வகுப்பில் கதிரியக்கப் பாடத்திலும் இதே சொல்லைச் சந்திப்பீர்கள், கணக்கும் ஒன்றேதான்.

சோல்பிடெமின் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். மாத்திரை குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகும் நேரத்தை இப்போதைக்கு மறந்துவிடுவோம். இரவு 10 மணிக்கு இரத்தத்தில் 10 மில்லிகிராம் இருந்தால், பன்னிரண்டரைக்கு 5. மூன்று மணிக்கு 2.5, காலை ஐந்தரைக்கு 1.25 மில்லிகிராம். எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். நல்ல மருந்துதானே என்பீர்கள்.

சராசரி மனிதருக்கு அது சரி. ஆனால், சராசரி மனிதர் எந்த ஊரிலும் இல்லை! ஒரே அளவு மாத்திரை போட்டாலும் பெண்களின் உடலிலிருந்து இந்த மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. 10 மில்லிகிராம் போட்டு எட்டு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது, வண்டி ஓட்டுவதற்குத் தடையாகும் அளவு மருந்து ஆண்களில் நூற்றுக்கு 3 பேரிடம் இருந்தது. பெண்களில் நூற்றுக்கு 15 பேரிடம் இருந்தது. இந்த உண்மையை வைத்து, பெண்களுக்குத் தரும் அளவை 10இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி அமெரிக்க நிர்வாகம் 2013 ஜனவரியில் அறிவித்தது. அந்நாட்டில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1992இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எத்தனை பெண்கள் விடியற்காலையில் பாதித் தூக்கத்துடன் காரை எடுத்திருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

மற்ற மருந்துகளும் இந்தக் கணக்கை மாற்றும். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவது. அதைச் சாப்பிடுபவரின் உடலில் தூக்க மாத்திரை வேலை செய்யுமுன்பே பெரும்பகுதி சிதைந்துவிடும். வேறு சில மருந்துகள் நொதிகளைத் தடுத்து, தூக்க மாத்திரையை நெடுநேரம் தங்க வைத்துவிடும். டாக்டர் 'வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்பது வெறும் பேச்சுக்காக அல்ல.

ஆச்சியின் ஏழாவது நாள்

அடுத்து, அரை ஆயுள் நீளமான ஒரு மருந்தைப் பார்ப்போம். நைட்ரஜெபாமுக்கு அது ஒரு நாளோ அதற்குச் சற்று அதிகமோ ஆகும். கணக்குக்கு எளிதாக 24 மணி என்றே வைத்துக்கொள்வோம். திருவேங்கடத்தில் ஓர் ஆச்சி தினமும் இரவு 5 மில்லிகிராம் மாத்திரை போட்டுக்கொள்கிறார் என்று கொள்க.

முதல் இரவு 5. மறுநாள் இரவு அதில் பாதி, 2.5 மிச்சம் இருக்கும். புதிய மாத்திரையுடன் 7.5. மூன்றாம் இரவு அதில் பாதி 3.75, புதியதுடன் 8.75. நான்காம் இரவு 9.375. ஏழாம் இரவு ஏறத்தாழ 9.92. இப்படியே போனால் 10ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் தாண்டாது. இது பெருக்குத் தொடர்வரிசை என்பதைக் கணிதப் பாடத்தில் தேறியவர்கள் கண்டுகொண்டிருப்பீர்கள்.

எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு, இரவு மாத்திரையை எடுக்க ஆச்சி கையை நீட்டும்போதே அவர் உடலில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது, ஒரு முழு மாத்திரை! பகலில் எந்த நேரத்திலும் அதற்குக் குறைவே இல்லை. ஆச்சி பால் காய்ச்சுவது, படி இறங்குவது, தெருவைக் கடப்பது எல்லாம் அப்போதுதான் ஒரு மாத்திரையை விழுங்கியவரின் தள்ளாட்டத்துடனேயே. 'வயசாகிவிட்டது, அதுதான் தடுமாறுகிறார். மறதியும் வந்துவிட்டது' என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சிலருக்கோ, அது வயதின் வேலையே அன்று, மாத்திரையின் வேலை. முதியவர்கள் இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இம்மருந்துகள் ஒரு முக்கியக் காரணம் என்பதை மருத்துவ உலகம் நன்கு அறியும்.

வயது கணக்கை இன்னும் மோசமாக்குகிறது. டயஜெபாம் கொழுப்பில் கரைந்து அங்கே தங்கும் மருந்து. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், அதன் அரை ஆயுள் 20 வயதில் சுமார் 20 மணியாகவும், 80 வயதில் சுமார் 90 மணியாகவும் இருக்கக் கண்டார்கள். அது மட்டுமன்று. டயஜெபாம் சிதைந்து உண்டாகும் பொருளும் தூக்கம் தருவதே; அது அதைவிட நெடுநேரம் தங்குவது. பேரனுக்கு ஒத்துக்கொண்ட அளவு பாட்டிக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நீங்களும் இதில் ஓரளவு அனுபவசாலிகள்தாம். சளிக்கு ஒரு சிறு மஞ்சள் மாத்திரையோ வெள்ளை மாத்திரையோ போட்டுக்கொண்டு, மறுநாள் முதல் பாடவேளையில் கண் சொக்கியதுண்டா? அதில் உள்ள குளோர்பெனிரமின் வேறு வழியில் வேலை செய்வது. ஆனால் அதன் அரை ஆயுளும் ஏறத்தாழ 20 மணி. ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்; ஏற்றுக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

மருந்து போயிற்று, வேலை போகவில்லை

இதுவரை போட்ட கணக்கு, மருந்து இரத்தத்தை விட்டுப் போனால் அதன் வேலையும் போய்விடும் என்ற எண்ணத்தில் போட்டது. எல்லா மருந்தும் அப்படி அல்ல. அதற்கு உதாரணம் தேடி வெளிநாடு செல்ல வேண்டாம். குற்றால அருவிகளுக்குப் பின்னால் எழும் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாருங்கள். அந்த மலைத்தொடரின் ஈரக்காடுகளில் வளரும் ஒரு சிறு செடி, சர்ப்பகந்தி. சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். மிகையாகத் தோண்டியதால் இப்போது அருகிவிட்டது. இதன் வேர், தூக்கம் வராதவர்க்கும் மனம் கலங்கியவர்க்கும் நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு டாக்டர்கள் 1931இல் இவ்வேரின் குணத்தைப் பற்றி எழுதினர். 1949இல் பம்பாயைச் சேர்ந்த இருதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், இது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் விளக்கினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் இதிலிருந்து 'ரெசர்பின்' என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

ரெசர்பின் காபாவை நாடுவதில்லை. நரம்பணுக்களுக்குள் செரட்டோனின், டோபமின் போன்ற செய்தி வேதிப்பொருள்களைச் சேர்த்து வைக்கும் நுண்ணிய கிட்டங்கிகள் உண்டு. அந்தக் கிட்டங்கிக்குள் சரக்கு ஏற்றும் கூலியாளின் கையை ரெசர்பின் கட்டிவிடுகிறது. ஏற்றப்படாத சரக்கு வெளியே கிடந்து அழிந்துபோகும். கிட்டங்கி காலியாகும்; மனிதர் அமைதி அடைவார். மருந்து உடலை விட்டுப் போன பின்பும் கட்டிய கட்டு அவிழாது. உடல் புதிய கூலியாள்களைச் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பல நாள், சில வாரம்கூட ஆகலாம். 1950களில் இம்மருந்தை அதிக அளவில் உண்ட சிலருக்கு அமைதி எல்லை கடந்து, ஆழ்ந்த மனச்சோர்வாக முடிந்தது. இன்று இதை மிக அரிதாகவே தருகிறார்கள். 'பச்சிலை, வேர், ஆகவே பக்க விளைவு கிடையாது' என்று யாராவது சொன்னால், இந்தச் செடியை நினைவில் கொள்ளுங்கள்.

விடுவதிலும் கணக்கு உண்டு

இவ்வளவும் படித்தபின், இம்மாத்திரைகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். அது தவறு. வலிப்பு நிற்காமல் தொடரும் குழந்தையின் உயிரைக் காப்பது டயஜெபாமும் மிடஜோலாமும்தான். தசைநார்கள் விறைத்து உடம்பே வில்லாக வளையும் இரணஜன்னியிலும் டயஜெபாம் கைகொடுக்கிறது. குடிப்பழக்கத்தை நிறுத்துபவர்க்கு வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் அது அடக்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இரண்டும் இடம் பெற்றுள்ளன. ஒரு பெரிய துயரத்தாலோ நோயாலோ தூக்கத்தை இழந்தவருக்குச் சில நாள்கள், மிஞ்சினால் சில வாரங்கள் இவை பெரும் உதவியே.

அதற்கு மேல் நீண்டால் மூளை பழகிக்கொள்கிறது. கீலில் எப்போதும் எண்ணெய் இருப்பதால், மூளை கதவையே இறுக்கிவிடுகிறது எனலாம். இப்போது மாத்திரை இல்லாமல் கதவு அசையாது. பல மாதம் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் முன்பைவிடக் கொடிய தூக்கமின்மை வரும்; கை நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பும் வரும். 'பார், மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே இல்லை' என்று அவர் மீண்டும் அட்டையைத் தேடுவார். உண்மையில் அவர் காண்பது பழைய நோயை அன்று, மருந்தின் பிரிவை. ஆகவே, உங்கள் ஆச்சியின் மாத்திரையைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிடாதீர்கள்! ஆச்சி பகலில் தடுமாறுகிறார் என்பதையும், எத்தனை மாதமாக எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, அட்டையுடன் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தும் முறை அவருக்குத் தெரியும்.

பரீட்சைக்கு முதல் நாள் தூக்கம் வராமல் ஆச்சியின் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும் மாணவனுக்கோ, இனி நாம் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. காலை 10 மணிக்கு வினாத்தாள் கையில் கிடைக்கும்போது அவன் இரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கும் என்பதை அவனே கணக்கிடலாம்; புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியை அது என்ன செய்யும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

அரை ஆயுள் 48 மணி உள்ள ஒரு மருந்து. தினமும் இரவு 5 மில்லிகிராம். ஒரு நாளில் எவ்வளவு பங்கு மிச்சம் இருக்கும்? (பாதியன்று. இரண்டு நாளில் பாதியாகும் என்றால், ஒரு நாளில் அதன் வர்க்கமூலம், சுமார் 0.707.) ஏழாம் இரவு மாத்திரை போட்டவுடன் உடலில் எத்தனை மில்லிகிராம் இருக்கும்? மாதக்கணக்கில் தொடர்ந்தால் எந்த எண்ணை நெருங்கும்? அந்த நிலையில் மாத்திரையை அடியோடு நிறுத்தினால், உடலில் 1 மில்லிகிராமுக்கும் கீழே குறைய எத்தனை நாளாகும்?

விடைகள்: ஏறத்தாழ 15.6 மில்லிகிராம், ஏறத்தாழ 17 மில்லிகிராம், கடைசி மாத்திரை போட்டதிலிருந்து ஒன்பதாம் நாள்.